பழைய அலமாரிக்கு வண்ணம் அடிக்கும் முன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்கு வீடு வாசலில் கட்டிலும் மேஜையும் பீரோவுமாகக் கிடந்தன. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையெல்லாம் ஊறின ரொட்டி மாதிரி உப்பி, தொட்டால் உதிர்ந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்கள் மதினி வீட்டு வாசலில், அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு கம்பிவலை அலமாரி மட்டும் நேராக நின்றது. இடுப்பு உயரத்துக்குச் சேறு. கதவு திறக்கவில்லை. ஆனால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், நாலு காலும் அசையவில்லை.

"இதையா கொண்டு போகப் போறீங்க? குப்பை வண்டிக்குன்னு எடுத்து வச்சிருக்கு" என்றாள் மதினி. பால், மிச்சக் குழம்பு, தோசை மாவு எல்லாம் பூனைக்கு எட்டாமல் அந்த வீட்டில் முப்பது வருஷம் காத்த அலமாரி அது. லோடு ஆட்டோவில் ஏற்றி பாளையங்கோட்டைக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பழைய மரச்சாமான்களை வாங்கியும் கேட்டும் சரி செய்து வருகிறேன். நிறையப் பேர் என்னிடம் கேட்பது "எந்த பெயிண்ட் அடிச்சீங்க?" என்றுதான். பெயிண்ட் கடைசி இரண்டு நாள் வேலை. அதற்கு முன்னால் உள்ளதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். அது சரியாக இருந்தால் எந்த பெயிண்டும் நிற்கும்.

முதலில் அந்த அலமாரி. நனைந்த மரத்தைப் பார்த்ததும் எல்லாரும் செய்வது, தூக்கி வெயிலில் போடுவது. நம்மூர் வெயிலுக்கு வெளிப்புறம் சடாரென்று காயும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், பலகை நடுவில் வாய் பிளந்துவிடும். நான் சேறு காய்வதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி, தேங்காய் நார் கொண்டு கழுவினேன். காய்ந்த பிறகு சுரண்டினால் சேற்றில் உள்ள மணல் மரத்தைக் கீறும். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும் என்பதால் ஒரு வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். கீலைக் கழற்றிக் கதவுகளைத் தனியாக எடுத்தேன். கிழிந்து துருப்பிடித்த வலையைப் பிய்த்துப் போட்டேன். அப்புறம் புறவாசல் தாழ்வாரத்தில், காற்று வரும் நிழலில், நாலு காலுக்கும் செங்கல் வைத்து நிறுத்திவிட்டேன். கதவுகளைத் தரையில் அடுக்காமல், இடையிடையே குச்சி வைத்து, அடியிலும் காற்று போகும்படி படுக்க வைத்தேன்.

மூன்று மாதம் ஆனது. மார்கழியில் வந்தது பங்குனியில்தான் காய்ந்தது. காய்ந்ததற்கு அடையாளம் எளிது: வந்த அன்று சட்டத்துக்குள் நுழையாமல் முட்டிய கதவு, ஒரு நாள் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் எங்கள் தெரு ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் உளியால் காலின் அடியில் ஒரு சிம்பு எடுத்து முகர்ந்து பார்த்தார். "தேக்குன்னு நினைச்சிருப்பீங்க. இது வேம்பும்மா. செல் அரிக்காது, நம்பி வேலை பாருங்க. ஆனா பாலிஷ் போட்டா பெருசா எடுக்காது. பெயிண்ட் அடிச்சிக்கிடுங்க."

இந்த ஒரு முடிவுதான் முழு வேலைக்கும் அஸ்திவாரம்: எதற்கு பெயிண்ட், எதற்கு வேண்டாம்.

வேம்பு, மா, பல மரங்களைக் கலந்து செய்தது, ஏற்கெனவே நாலு தடவை பெயிண்ட் அடித்தது, ஒட்டுப்பலகை, இவற்றுக்கு தாராளமாக அடிக்கலாம். தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்), பலா என்றால் பெயிண்டோடு கிட்டே போகாதீர்கள். 2014இல் எங்கள் ஆச்சியின் தோதகத்தி முக்காலிக்கு, பட்டாசலில் (கூடத்தில்) எல்லாம் வெள்ளையாக இருக்கட்டும் என்று நான் வெள்ளை எனாமல் அடித்துவிட்டேன். ஆச்சி வெற்றிலை இடித்த முக்காலி. இரண்டு வருஷம் கழித்து மனசு கேட்காமல் பெயிண்ட் ரிமூவர் வாங்கி ஊற்றிச் சுரண்டினேன். மேலே உள்ளது வந்துவிட்டது. மர ரேகைகளின் நுண்ணிய துளைக்குள் இறங்கிய வெள்ளை இன்னும் இருக்கிறது, கறுத்த மரத்தில் உப்புப் பூத்த மாதிரி. பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்து எத்தனை மத்தியானம் தேய்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். என்ன மரம் என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத ஓர் இடத்தில், அடியிலோ பின்னாலோ, உள்ளங்கை அகலம் உப்புத்தாளால் தேய்த்து ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். ரேகை எழுந்து வந்து அழகு காட்டினால் அது எண்ணெய்க்கு உள்ள மரம்.

அப்படிப்பட்ட மரத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அழுக்கைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் நைஸ் உப்புத்தாளால் ரேகையோடு மெல்லத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் பூசுங்கள். அரை மணி நேரத்தில் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று நிற்கும். அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சரி, எல்லாருக்கும் மதினி வீடு இருக்காது. கடையில் வாங்கினால் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். பழைய மரச்சாமான் கடைகளில் சரக்கு நிறைய வருவது மார்கழிக் கடைசியில். பொங்கலுக்கு வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கும்போது வெளியே வருபவை. இன்னொன்று, மே, ஜூனில் வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போவது. பழைய வளவு வீடுகளை இடிக்கும் இடத்தில் கதவு, நிலை, ஜன்னல் கிடைக்கும். அங்கே விலையை விடத் தூக்கி வரும் கூலிதான் கூடுதலாகும், அதை முதலிலேயே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

சாமானைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பக்கத்தைக் கடைக்காரர் துடைத்து வைத்திருப்பார், அடிப்பக்கம் பொய் சொல்லாது. ஒரு சிறு ஆணியால் கால் நுனிகளைக் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் செல் அரித்த மரம், விட்டுவிடுங்கள். குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தால் உளு, மரத்தைத் துளைத்துத் தின்கிற பூச்சி. அதில் பழசும் உண்டு, புதுசும் உண்டு. ஓட்டையின் விளிம்பு கறுத்து அழுக்கேறி இருந்தால் பூச்சி எப்போதோ போய்விட்டது. விளிம்பு வெளுப்பாக இருந்து, தட்டினால் மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. சந்தேகம் என்றால் வாங்கி வந்து ஒரு வாரம் கறுப்புத் தாளின் மேல் தனியாக நிறுத்தி வையுங்கள். தாளில் புதுத்தூள் விழுகிறதா என்று பார்த்துவிடலாம். வெறும் ஸ்டூல், பெஞ்சு என்றால் கரையான் மருந்தை ஊசியால் ஓட்டைகளில் ஏற்றி அடைத்துவிடலாம். சாப்பாடு வைக்கிற அலமாரியாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மருந்து ஏற்றின மரத்தில் சோறு வைக்க முடியாது.

கட்டில் என்றால் மூட்டைப்பூச்சி. பொருத்துகளிலும் நார் சுற்றின இடத்திலும் மிளகுப்பொடி தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வீட்டுக்குள் கொண்டு போகும் முன் முற்றத்தில் வைத்து, பொருத்துப் பொருத்தாகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். நாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் பின்னுவதுதான் நல்லது.

பழைய பெயிண்ட் உள்ள சாமானில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய எனாமல்களில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சு என்றால், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை என்றால், உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்தாலும் கிழியாத தண்ணீர்த் தாளால் தேயுங்கள். தூள் பறக்காது. வாயும் மூக்கும் மூடுகிற நல்ல முகக்கவசம் வேண்டும், வெறும் கைக்குட்டை போதாது. பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம். அடியில் பழைய பேப்பர் விரித்து, விழுந்ததை ஈரத்தோடு மடித்துக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். செடித் தொட்டிப் பக்கம் கொட்டக் கூடாது.

இனி எங்கள் அலமாரிக்கு வருவோம். பின்பக்கச் சட்டம் ஒன்று பொருத்திலிருந்து விலகியிருந்தது. பழைய பசையைக் கத்தியால் சுரண்டிவிட்டு பெவிகால் வைத்து, அலமாரியைச் சுற்றித் தேங்காய்க் கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டினேன். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் அகப்பைக் காம்பைச் செருகி முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கக் கயிறு இறுகி, பொருத்து கிர்ரென்று உள்ளே போகும், ஓரத்தில் பசை பிதுங்கி வரும். அந்தப் பிதுங்கலை உடனே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் வேறு நிறம் காட்டும். காம்பு திரும்பி அவிழாமல் ஒரு நூலால் சட்டத்தோடு கட்டி வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. கிளாம்ப் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கயிறு படும் மூலைகளில் மட்டும் கந்தைத் துணி மடித்து வையுங்கள், விளிம்பு நசுங்காது.

உப்புத்தாள் முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220. ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல், பெயிண்ட் அடித்த பிறகுதான் நன்றாகத் தெரியும். எவ்வளவு தேய்ப்பது என்று கண்ணால் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். கை எங்கே தடுக்கிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. ஆணி ஓட்டைகளுக்கு, தேய்த்ததில் விழுந்த மரத்தூளையே எடுத்து பெவிகாலில் குழைத்து அடைத்தேன். காய்ந்தால் கொஞ்சம் உள்வாங்கும், அதனால் மேடாகவே வைத்து, மறுநாள் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

அப்புறம் வுட் பிரைமர் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு. வேம்பு உறிஞ்சுகிற மரம், பிரைமர் இல்லாமல் அடித்தால் எனாமலைக் குடித்துவிட்டுத் திட்டுத் திட்டாக நிற்கும். பிரைமர் காய்ந்ததும் மரத்தின் சிம்பெல்லாம் எழுந்து சொரசொரப்பாகும். 220 தாளால் லேசாக ஒரு தடவு தடவி, தூசியைத் துடைத்தால் போதும்.

நிறம் கரும்பச்சை எடுத்தேன். அடுப்படியில் வெள்ளை அடித்தால் தாளிப்புப் புகையில் ஒரே வருஷத்தில் மஞ்சளாகிவிடும். அரை லிட்டர் டப்பா இரண்டு கைக்கும் போதுமானதாக இருந்தது. டப்பாவைத் திறந்ததும் அடிவரை குச்சி விட்டுக் கலக்குங்கள், சத்தெல்லாம் அடியில்தான் தங்கியிருக்கும். பழைய நைலான் சேலைத் துண்டில் வடிகட்டிக் கொண்டால் கட்டி வராது. முதல் கைக்குக் கொஞ்சம் டர்பன்டைன் சேர்த்து இளக்கி, இரண்டாம் கை அப்படியே. பிரஷின் முனை மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். முதலில் உள் மூலைகள், பிறகு சட்டங்கள், கடைசியில் அகலமான பலகைகள். ஒரு கை அடித்தால் மறுநாள்தான் அடுத்தது. இடையில் தாகம் எடுத்த மாதிரி ஒரு இடம் மங்கலாகத் தெரிந்தாலும் திரும்பிப் போய் பிரஷை வைக்காதீர்கள். பாதி காய்ந்த எனாமல் பிரஷோடு இழுபட்டு வரும்.

சிலர் சுவருக்கு வாங்கிய எமல்ஷன் மிச்சத்தை மரச்சாமானுக்கு அடிக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சித்திரை வெக்கையில் அது இளகும், மேலே வைத்த புத்தகமும் டம்ளரும் ஒட்டிக்கொண்டு, எடுத்தால் பெயிண்டோடு வரும்.

உள்தட்டுகளுக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை. எனாமல் வாடை வாரக்கணக்கில் போகாது, பாலில் ஏறும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மட்டும் பஞ்சைத் துணியில் பொதிந்து மூன்று தடவை பூசினேன். மாத்திரைக்குக்கூட மேல்பூச்சாக அரக்குப் பூசுகிறார்கள், ஸ்பிரிட் பறந்துவிட்டால் அதில் பயமில்லை. சூடான பாத்திரத்தை நேராக வைத்தால் மட்டும் வெள்ளை வட்டம் விழும். அதற்கு ஒரு பிரிமணை போட்டுவிட்டேன்.

எந்த மாதத்தில் அடிப்பது என்பதும் முக்கியம். தையும் மாசியும் பங்குனியும் நல்ல காலம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும், ஈர எனாமலில் அத்தனையும் ஒட்டும். அந்த மாதங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிற வேலை பாருங்கள், பெயிண்ட் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எனாமல் நாள்கணக்கில் காயாது, அரக்குப் பாலிஷ் ஈரம் பிடித்துப் பால் மாதிரி வெளுத்துவிடும். சித்திரை, வைகாசியில் அடித்தால் காலை பத்து மணிக்குள் நிழலில் முடித்துவிடுங்கள்.

கதவுக்குப் புது வலை, துருப்பிடிக்காத கம்பியில் வாங்கி, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து மெல்லிய மரச்சிம்பு வைத்து ஆணி அடித்தோம். ஒரு கதவுக்கு மட்டும் வலையின் உள்பக்கம் பழைய பத்தமடைப் பாய் வைத்தேன். என் கல்யாணப் பாய், ஓரமெல்லாம் நைந்து, நடுவில் மட்டும் நன்றாக இருந்தது. கோரைப் பாயை அப்படியே வெட்டினால் பாவு நூல் அவிழ்ந்து கோரை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். வெட்ட வேண்டிய கோட்டுக்கு உள்ளே தையல் மிஷினில் இரண்டு வரி நெருக்கமாக ஓட்டிவிட்டு, அப்புறம் வெட்டி, துணிக்கரை வைத்துத் தைக்க வேண்டும். முதல் நாள் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் கோரை இளகி, ஊசி படும்போது நொறுங்காது. பச்சைச் சட்டத்துக்குள் அந்தச் சிவப்புக் கோடு போட்ட பாய் தெரிவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரும்புச் சாமான்களுக்கு இவ்வளவு பாடு கிடையாது. டிரங்குப் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி துரு பூக்கும். மேலே எனாமல் இரண்டு கை. எங்கள் வீட்டின் முன்பக்கத் தார்சாவில் அப்படி ஒரு டிரங்குப் பெட்டிதான் மெத்தை போட்டு இருக்கையாகக் கிடக்கிறது, உள்ளே போர்வைகள்.

மிச்சம் இருந்த பச்சை எனாமலும் ரெட் ஆக்சைடும் புறவாசலுக்குப் போயின. 15 கிலோ எண்ணெய் டின்களில் செடி வைப்பவர்கள் நிறைய. அடியில் நாலைந்து ஓட்டை, உள்ளேயும் வெளியேயும் ரெட் ஆக்சைடு, வெளியே எனாமல். ஆனால் நம்மூர் மேற்கு வெயில் படும் இடத்தில் தகர டின் அடுப்பாகக் கொதித்து வேரைச் சுட்டுவிடும். உள்ளே சாக்குத்துணி சுற்றி மண் நிரப்புங்கள், கிழக்குச் சுவரோரம் வையுங்கள். மேற்குப் பக்கத்துக்கு மண்தொட்டிதான். காருகுறிச்சிப் பக்கம் குயவர்களிடம் போனால் லேசாகக் கோணிப்போன தொட்டிகளை விலை குறைத்துத் தருவார்கள், செடிக்குக் கோணல் ஒரு குறையே இல்லை.

மண்தொட்டிக்கு வெளியே எனாமல் அடிக்க வேண்டாம். ஊற்றின தண்ணீர் தொட்டியின் உடம்பு வழியாகக் கசிந்து ஆறும், அதனால்தான் வேர் குளிர்ச்சியாக இருக்கிறது. எனாமல் அந்தக் கசிவை அடைத்துவிடும், பிறகு கொப்புளம் கொப்புளமாக உரியும். சுண்ணாம்பு அடித்து நடுவில் காவிப் பட்டை ஒன்று இழுங்கள். சுண்ணாம்பை முதல் நாளே நீர்க்கக் கரைத்து வைத்து, தொட்டியை நனைத்துவிட்டு அடித்தால் பிடிக்கும். வருஷம் ஒரு தடவை பொங்கலுக்கு வீட்டோடு சேர்த்து அதற்கும் அடித்துக்கொள்ளலாம்.

நான் ஆறு தொட்டிக்கு அப்படி அடித்து, செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கின மாட்டு எரு ஒரு பங்கு போட்டு, மூன்றில் கனகாம்பரமும் இரண்டில் துளசியும் ஒன்றில் பிச்சியும் வைத்திருக்கிறேன். பிச்சிக்கு ஏறக் கொழுகொம்பு வேண்டுமே என்று பார்த்தால், அலமாரியிலிருந்து பிய்த்த பழைய வலையில் துரு ஏறாத பாதி மூலையில் கிடந்தது. அதைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டிவிட்டேன். கொடி இப்போது ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது.